பிடிலும் மத்தளமும்

கிராமியக் கலைக்குழு ஒன்று உலகப் புகழ் பெற்றுவிட்டால், அதன் வரலாற்றை நாலைந்து மேதைகளின் கதையாக எழுதிவிடுவது பத்திரிகைகளின் வழக்கம். மேதைமையை நாம் மறுக்கவில்லை. ஆயின் அந்த மேதைகள் விளைந்த நிலம் எது, அதற்கு நீர் பாய்ச்சியவர் யார் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. பின்லாந்தின் ஜே.பீ.பீ. என்னும் பிடில் குழுவைப் பற்றி வன்னியில் இருந்துகொண்டு நாம் பேச முற்படுவது அந்தக் கேள்விக்காகவே. கோவலன் கூத்தைத் தன் முதுசமென்று பெருமை பேசும் மண்ணுக்கு இது அந்நியமான செய்தியன்று.

பின்லாந்தின் மேற்கே கௌஸ்தினன் என்றொரு சிற்றூர்; மக்கள் தொகை ஐயாயிரத்தை எட்டாது. உழவர்களே அங்கு பிடில்காரர். நாட்கணக்கில் நடக்கும் கலியாண வீடுகளே அவர்களது அரங்கு. 19ஆம் நூற்றாண்டின் சமய எழுச்சியாளர் அப்பிரதேசத்தில் பிடிலைப் பாவக் கருவியென்று பழித்த காலத்திலும், கலியாண வீடு அதைக் கைவிடவில்லை. 1946இல் கொன்ஸ்தா யூல்ஹா என்பவர் தோழர்களுடன் ஒரு குழு அமைத்தார். 1968இல் அவ்வூரில் நாட்டாரிசை விழா தொடங்கிற்று. விழாவும் இசைத்தட்டும் கிராமத்துப் பிடிலை நாடறியச் செய்தன. இத்தோடு நின்றிருந்தால், ஒரு முதியவரின் நினைவோடு கதை முடிந்திருக்கும். நம்மிடையே எத்தனை அண்ணாவிமாரின் கதை அவ்வாறு முடிந்துபோயிற்று!

1982இல் அதே ஊரின் யார்வெலா என்ற குறிச்சியில் ஜே.பீ.பீ. பிறந்தது. அந்த மூன்று எழுத்துகளின் பொருள் ‘யார்வெலாவின் சின்னப் பிடில்காரர்’ என்பது. உலக மேடைகளில் ஏறிய பின்னும் அவர்கள் அப்பெயரை மாற்றவில்லை. பல பிடில்கள், ஒரு டபிள் பாஸ், ஒரு ஹார்மோனியம். இவ்வளவே அவர்களது படை. (ஹார்மோனியம் என்றதும் நம்மவர்க்குக் காத்தவராயன் கூத்து நினைவுக்கு வருதல் இயல்பே.) பாட்டன்மாரின் மெட்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூசிக்காமல், அர்தோ யார்வெலாவும் திமோ அலகோதிலாவும் புதிய மெட்டுகளை ஆக்கினர். மரபு என்பது அவர்களுக்கு உழுது பயிரிடும் வயலாக இருந்தது.

எனினும் நம்மை ஈர்ப்பது குழுவன்று. குழுவின் பின்னால் நிற்கும் பிள்ளைகளே. நகரத்து வாத்தியக் குழுவில் வாசித்த மௌனோ யார்வெலா, ஊர்ப்பிள்ளைகளுக்குப் பிடில் கற்பிப்பதைத் தம் வாழ்நாட் பணியாக்கினார். ‘நாப்பாரி’ எனப்படும் அவரது முறையில் தேர்ச்சி பெற்றவனும் நேற்றுத் தொடங்கியவனும் ஒன்றாக இருந்து வாசிப்பர். வல்லவனுக்குக் கடினமான பகுதி, புதியவனுக்கு ஒரே தந்தியில் இழுக்கத்தக்க பகுதி, இசை ஒன்றே. தேறாதவன் வெளியே நிற்க வேண்டியதில்லை. 2021இல் யுனெஸ்கோ கௌஸ்தினன் பிடில் வாசிப்பை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கீகாரம் வருமுன்னரே பிள்ளைகள் வந்துவிட்டனர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே பிடில் நம்மவர் கைக்கும் வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர் அதைக் கருநாடக இசைக்குள் கொணர்ந்தார். சபை மேடையில் அது பக்கவாத்தியமாக அமர்ந்தது, வயற்கரைக்கு இறங்கவில்லை. வயற்கரையில் முழங்கிய பறையையோ, அடிப்பவனின் சாதியோடு சேர்த்து வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். மக்கள் கலையைப் போற்றுகிறோம் என்று மேடையில் முழங்கும் நம் அன்பர் பலர், பறையடிக்கும் வீட்டுப் பிள்ளையோடு தம் பிள்ளையை ஒரே பாயில் இருத்தித் தாளம் பழக்குவரா?

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் பேராதனையில் மேடையேற்றி, படித்தவர் முன் கூத்துக்கு மதிப்புத் தேடித் தந்தார். இரவிரவாக ஆடுவதைச் சில மணிக்குள் சுருக்கினார் என்ற குறையை நாம் பெரிதாக எண்ணவில்லை. கற்றோர் கூத்தைக் காணக் கற்றனர். கூத்து பிறந்த ஊர்களில் கற்பித்தலுக்கு நிலையான ஏற்பாடு எதுவும் தொடரவில்லை என்பதே நம் குறை.

பின்லாந்து செல்வ நாடு, அரசும் ஊராட்சியும் இசைப்பள்ளிகளுக்குச் செலவிடுகின்றன என்பர் சிலர். உண்மையே. 2009இல் வன்னி முழுவதும் வேரோடு பெயர்க்கப்பட்டது. வீட்டையும் வயலையும் விட்டு ஓடியவர், மத்தளத்தையும் கூத்துக் கொப்பியையும் சுமந்துகொண்டு ஓடியிருக்க முடியாது. மெனிக் பாம் முள்வேலிக்குள் அடைபட்டுத் திரும்பியவரிடம் பின்லாந்துப் பெருமை பேசுவது கொடுமையென்றும் தோன்றலாம். ஆனால் அப்படித் திரும்பி வந்தவர்களே மீண்டும் கூத்தாடினர். எனவே ஆர்வம் இல்லையென்று எவரும் சொல்ல வேண்டாம்.

நம் பாடசாலைகளில் கூத்து எப்போது நுழைகிறது? தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கும்போது. குரல்வளமும் அடியும் வாய்த்த சிலரைத் தெரிந்தெடுக்கிறோம். அண்ணாவியாரைச் சில கிழமைகளுக்கு அழைக்கிறோம். பரிசு கிடைத்தால் படம் பிடிக்கிறோம். தெரிவு செய்யப்படாத பிள்ளைகள் சுவரோரம் நின்று பார்க்கின்றனர். போட்டி முடிந்ததும் அண்ணாவியார் வீடு செல்கிறார். அடுத்த ஆண்டு வரை அவரை யாரும் தேடுவதில்லை. அவருக்குச் சம்பளம் என்ற பேச்சும் இல்லை. முள்ளியவளையிலோ கிளிநொச்சியிலோ ஒரு பாடசாலை, கிழமைக்கு ஒரு மாலை அவரை வரவழைத்து, உரிய ஊதியமும் தந்து, சுவரோரம் நிற்கும் பிள்ளைகளின் கையில் முதலில் தாளத்தைக் கொடுக்கட்டும். அதற்கு யுனெஸ்கோவின் அனுமதி தேவையில்லை.