பிரம்புப் பந்தும் கணினித் திரையும்

திண்ம வடிவங்களைக் கற்பிக்கும் முறை இந்நாளில் திரையை நோக்கி விரைகின்றது. 2001ஆம் ஆண்டில் சால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் தொடங்கிய ஜியோஜீப்ரா மென்பொருளை இன்று ஆசிரியர் பலரும் அறிவர். உருவை அதில் சுழற்றலாம்; வெட்டலாம்; விரித்தும் காட்டலாம். அதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், கை தொடாத வடிவத்தைக் கண் மட்டும் கண்டால் போதுமா என்பதே நம் வினா.

விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை நம் பிள்ளைகள் அறிந்த செப்பாக் தக்ராவ் பந்தை எடுத்துக்கொள்வோம். முன்னாளில் அது பிரம்பால் முடையப்பெற்றது. இன்று பெரும்பாலும் செயற்கை இழையால் ஆகின்றது. அதன் அமைப்பை ஆறு காகித நாடாக்களைக் கொண்டு வகுப்பிலேயே முடையலாம். ஆறும் ஆறு வளையங்களாகும். எந்த இரு வளையமும் இரண்டு இடங்களில் குறுக்கிடும்; ஆகவே குறுக்கீடுகள் 30. அவற்றிடையே ஐங்கோணங்கள் 12. சிறு முக்கோணங்கள் 20. ஒவ்வொரு குறுக்கீட்டிலும் நான்கு விளிம்புகள் கூடும். ஒரு விளிம்புக்கு முனை இரண்டாதலின் விளிம்புகள் 60. உச்சி 30இலிருந்து விளிம்பு 60ஐக் கழித்து முகம் 32ஐக் கூட்டினால் 2 வரும். ஆய்லர் கண்ட விதி இதுவே.

இவ்வளவையும் திரையும் காட்டும். காட்டாதது ஒன்றுண்டு. நாடா ஓரிடத்தில் மேலாகவும் அடுத்த இடத்தில் கீழாகவும் மாறி மாறிச் செல்லவேண்டும். ஓரிடம் பிழைத்தால் அங்கே பிடிப்பின்றிப் பந்து நெகிழும். ஏன் என்று மாணவன் கேட்பான். ஒரு நாடா 10 இடங்களில் குறுக்கிடுகின்றது. அவ்வெண் இரட்டைப்படையாதலின் மேல் கீழ் முறை தொடங்கிய இடத்திலேயே பிசகின்றி முடிகின்றது என்பதைத் தானே காண்பான். ஆயத்தமாக வரையப்பட்ட உருவைச் சுழற்றிப் பார்ப்பவனுக்குப் பிழைக்கவும் வழியில்லை. ஆதலின் அக்கேள்வியும் பிறப்பதில்லை.

மென்பொருள் வல்லாரும் இதனை உணர்ந்தவரே. சோம்டூல் என்னும் கட்டுமானப் பெட்டியில் குச்சிகளைச் செருகும் உருண்டைக்கு 62 துளைகள் உள்ளன: ஐங்கோணம் 12, முக்கோணம் 20, செவ்வகம் 30. நம் பந்தின் எண்களே அவை! இது தற்செயலன்று; இரண்டும் ஒரே சமச்சீர் உடையவை. அப்பெட்டியைப் பின்பற்றியே வீசோம் என்னும் மென்பொருள் எழுந்தது. கை முன்னே, கணினி பின்னே என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பெட்டி வாங்க இயலாத பள்ளிக்கும் காகிதமும் கத்தரியும் உண்டு. தீக்குச்சியையும் மிதிவண்டி வால்வுக் குழாயையும் இணைத்து வடிவங்கள் செய்யலாம் என்று அரவிந்த் குப்தா இந்தியாவில் காட்டியிருக்கின்றார். ஆகவே ஆசிரியப் பெருமக்கள் முதற் பாடவேளையைக் கைக்கும் அடுத்ததைத் திரைக்கும் ஒதுக்குவாராக. உச்சி, விளிம்பு, முகம் என்னும் நம் சொற்கள் அப்போதுதான் மனப்பாடமாக நில்லாமல் பொருளாக நிலைக்கும்.