சுஜாதாவின் இயந்திரமும் சினிமா இயந்திரமும்

விஞ்ஞானக் கதைகளால் புகழ்பெற்ற சுஜாதா (1935-2008), 'ரோஜா' (1992), 'இந்தியன்' (1996) முதலிய படங்களுக்கு வசனம் எழுதியதைச் சிலர் வளர்ச்சியென்பர்; சிலர் வீழ்ச்சியென்பர். அவ்வழியில் அவர் எழுத்து இழந்தது யாது என்பதே நமது கேள்வி.

ஆனந்த விகடனில் வெளிவந்த 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்னும் இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, கேள்வி கேட்கிறது. ஜனங்கள் தொழுத சர்வாதிகாரி ஜீவா வெறும் பிம்பமே என்பது அம்பலமாகிறது. அவர் மறைந்தபின், 2010-ல், அவர் வசனத்தோடும் வந்த 'எந்திரன்' படத்திலோ, இயந்திரமே நட்சத்திர நடிகரின் பிம்பமாயிற்று. ஜனங்கள் அதையே தொழுதனர்!

எழுத்தறியாதார்க்கும் விஞ்ஞானப் பேச்சைச் சேர்ப்பித்த பெருமை சினிமாவுக்கு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. எனினும் கேள்வி கேட்கும் புத்தி நூலிலேயே தங்கிவிட்டது. ஆகவே, நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அப்படத்தைக் கொண்டாடும் நம் வாலிபர்கள் அந்நூலையும் கையிலெடுப்பார்களாக.