மிராஜின் 256 பக்கங்கள்

பதிவு செய்த ஒலியை விசைகளில் வாசிக்கவைக்கும் சாம்ப்ளர் கருவியான பழைய என்சோனிக் மிராஜ் ஒன்றைப் பழுதுபார்த்து, சில புதிய உறுப்புகளைச் சேர்த்து, வாரக்கணக்கில் வாசித்துவருகிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “ஃபிளாப்பியைக் கழற்றிவிட்டு யுஎஸ்பி போட்டாயிற்றா?” போட்டாயிற்று. அது ஒரு மாலை நேர வேலை. ஒரு சுரத்தை ‘டிக்’ சத்தம் இல்லாமல் நீட்டிப் பிடிக்க இந்தச் சாம்ப்ளரிடம் என்ன பாடுபட வேண்டும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. இத்தனை வாரங்களில் என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டதும், எனக்கு அதிக மகிழ்ச்சி தந்ததும் அந்த வேலைதான்.

மிராஜின் கதை தெரிந்ததே. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் மால்வெர்ன் நகரில், எம்.ஓ.எஸ். டெக்னாலஜியிலிருந்து வெளியேறிய பொறியாளர்கள் தொடங்கிய நிறுவனம் என்சோனிக். எமுலேட்டர் 2 என்ற சாம்ப்ளர் ஏறக்குறைய 8,000 டாலருக்கு விற்ற காலத்தில் மிராஜை 1,695 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். 8 பிட், 8 குரல், 128 கிலோபைட் நினைவகம். விசைப்பலகையின் இடப்பாதிக்கு 64, வலப்பாதிக்கு 64. உள்ளே ஒலியை உண்டாக்கும் சில்லு பாப் யானஸ் வடிவமைத்தது. கமடோர் 64 கணினியின் புகழ்பெற்ற ‘சிட்’ சில்லும் அவர் கைவேலைதான். மிராஜில் இருக்கும் அதே 5503 சில்லு பிறகு ஆப்பிள் 2ஜிஎஸ் கணினிக்கும் போனது. சாதாரண இசைக்கலைஞர்களின் வாடகை அறைக்குள் சாம்ப்ளிங் நுழைந்ததில் இந்தப் பெட்டியின் பங்கு மிகப் பெரிது. அதற்காகவே என்சோனிக் பெயரின் மீது எனக்குத் தீராத மரியாதை.

பழுது வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்வழங்கியின் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களைத் தயங்காமல் மாற்றுங்கள். நாற்பது வயதில் அவற்றை நம்ப முடியாது. சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் சில்லுகளை மெதுவாக எழுப்பி, கால்களைச் சுத்தம் செய்து, மறுபடி அழுத்துங்கள். போர்டுகளை இணைக்கும் கேபிள் முனைகளுக்கும் அதே வைத்தியம். என்னிடம் இருப்பது அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ட் பெட்டி. நம் வீட்டின் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

இனி ஃபிளாப்பிக்கு. மிராஜுக்குச் சொந்த நினைவில் இயங்குதளம் கிடையாது. ஒவ்வொரு முறையும் டிஸ்கிலிருந்து ஏற்ற வேண்டும். டிஸ்க் டிரைவ் போனால் கருவியே போனது போல. அதனால், பென்டிரைவை ஃபிளாப்பி போல நடிக்கவைக்கும் ‘கோடெக்’ என்ற ஃபிளாப்பி எமுலேட்டர் இதற்கு உயிர்ப்பிச்சை. ஆனால் கடையில் வாங்கியபடியே மாட்டினால் வேலை செய்யாது. மிராஜின் டிஸ்க் அமைப்பு வினோதமானது: 80 தடங்கள், ஒவ்வொன்றிலும் 1,024 பைட் செக்டர் ஐந்து, 512 பைட் செக்டர் ஒன்று, மொத்தம் 440 கிலோபைட். கோடெக்கின் சொந்த மென்பொருளுக்கு இந்தக் கணக்கு புரியாது. கீர் ஃபிரேசர் எழுதி இலவசமாகத் தரும் ஃபிளாஷ்ஃபிளாப்பியையோ, டெல் நேரோவின் எச்எக்ஸ்சி மென்பொருளையோ ஏற்றிய பிறகுதான் மிராஜ் அதை டிஸ்க் என்று ஏற்கிறது. ஒரு ஜிகாபைட் பென்டிரைவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகள் அடங்கும். வேகம் மட்டும் கூடாது. கருவி கேட்கும் வேகத்தில்தான் எமுலேட்டர் தரவைக் கொடுக்க முடியும். காத்திருப்பு 1985இல் இருந்த அதே காத்திருப்புதான்.

இங்கே ஒரு புகாரைச் சொல்லியே ஆக வேண்டும். கோடெக்குக்கான சிறு ஓஎல்இடி திரையைப் பொருத்துவதற்காக மிராஜின் முன்பலகையில் ஓட்டை போடுகிறார்கள். பார்க்கவே மனம் வலிக்கிறது. டிரைவ் இருந்த துவாரத்திலேயே திரையும் திருகுகுமிழும் அமரும்படி 3டி அச்சில் முகப்புகள் கிடைக்கின்றன. திரும்ப வராத ஒரு பொருளை வெட்டுவதற்கு எந்தக் காரணமும் போதாது. வெளியீட்டுப் பகுதியின் ஆப்-ஆம்ப்களை மாற்றி இரைச்சலைக் குறைப்பதையும் நான் ஏற்கவில்லை. அந்த 8 பிட் சொரசொரப்புதான் மிராஜ். சுத்தமான ஒலி வேண்டுமென்றால் அதற்கு வேறு கருவிகள் ஆயிரம் உண்டு.

இனி லூப்புக்கு வருவோம்: சுரத்தை நீட்டிப் பிடிக்க ஒலியின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான் லூப்; துண்டின் இரு முனைகளும் பொருந்தாவிட்டால் ‘டிக்’ கேட்கும். மிராஜின் முகப்பில் இருப்பது இரண்டே இரண்டு சிவப்பு எண்கள். அலைவடிவம் தெரியாது, பெயர் தெரியாது. விசைப்பலகையின் ஒவ்வொரு பாதிக்கும் உள்ள 64 கிலோபைட் நினைவகத்தை 256 பக்கங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு 256 பைட். பக்க எண்ணை 00 முதல் FF வரை ஹெக்ஸாடெசிமலில் காட்ட இரண்டு இலக்கம் போதும். பொறியாளர் கண்ணுக்கு இது அழகான சிக்கனம். பாவம், வாசிப்பவருக்கோ தண்டனை. லூப் தொடங்குமிடம் பக்க எல்லையில்தான் விழும். முடிவுப் புள்ளியை மட்டும் நுணுக்கமாக நகர்த்த ஒரு வசதி உண்டு. மீதியெல்லாம் காதும் பொறுமையும். ஒரு எண் கூட்டி, கேட்டு, ‘டிக்’ கேட்டால் இன்னொரு எண் கூட்டி... இப்படியே இரவு போய்விடும்.

புதிய வசதிகளின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. கோடெக் வந்த பிறகு ஒலியைக் கணினியில் தயாரித்து, டிஸ்க் படிமமாக்கி, பென்டிரைவில் போட்டுவிடலாம். அப்படியானால் லூப்பை மிராஜில் தேடுவானேன்? ஒலியையே மிராஜின் பக்கத்துக்குப் பொருந்தும்படி வெட்டிக்கொள்ளலாம் அல்லவா?

கணக்கு எளிது. ஹார்மோனியத்தில் 440 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றைப் பதிவு செய்தேன். அதை நொடிக்கு 28,160 மாதிரிகள் என்று மாற்றினால் ஓர் அலைக்குச் சரியாக 64 மாதிரி. 8 பிட் என்பதால் ஒரு மாதிரிக்கு ஒரு பைட்; ஆக ஒரு பக்கத்துக்குச் சரியாக நான்கு அலை. எந்தப் பக்கத்தில் தொடங்கினாலும், எந்தப் பக்கத்தில் முடித்தாலும், அலை அதே நிலையில் நிற்கும். நடு ‘சி’ சுரத்துக்கு 261.63 ஹெர்ட்ஸ், அதை 128ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 33,489, பக்கத்துக்கு இரண்டு அலை. ஹார்மோனியத்தின் துருத்தி அழுத்தம் மாறும்போது சுருதி இழையளவு அசையும், அதைக் கணினியிலேயே முதலில் நேராக்கிவிட வேண்டும். பிறகு லூப்பை வைத்தேன். ‘டிக்’ இல்லை. விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை சுரம் நின்றது.

இன்னொரு பொறியும் உண்டு. 5503 சில்லுக்குப் பூஜ்ஜியம் என்றால் ‘நில்’ என்று பொருள். அலைவடிவத்தில் 00 என்ற பைட் எங்கே வந்தாலும் ஆஸிலேட்டர் அங்கேயே நின்றுவிடும். கணினியில் 8 பிட்டாக மாற்றும்போது உரத்த ஒலியின் அடிமட்ட முனைகள் சுலபமாக 00 ஆகிவிடும்; சுரம் பாதியில் அறுந்து போகும். எனவே 00 எல்லாவற்றையும் 01 ஆக உயர்த்திய பிறகே படிமத்தில் சேர்க்க வேண்டும். பழுதான கருவி என்று முடிவுகட்டுவதற்கு முன் இதைச் சோதியுங்கள்.

லூப் சரியான பிறகுதான் மிராஜின் அருமை தெரிகிறது. ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாக ஒரு அனலாக் ஃபில்டர்: கர்ட்டிஸ் நிறுவனத்தின் சிஇஎம் 3328 சில்லு. எட்டு குரலுக்கு எட்டு. 8 பிட் ஒலியின் சொரசொரப்பான உச்சங்களை அது மெல்ல மூடும்போது அதே ஹார்மோனிய சுரம் உருண்டு திரண்டு வருகிறது. ரெசனன்ஸைச் சற்றே ஏற்றிவிட்டு நான்கு விரல் வைத்துப் பிடித்தால், கணினியில் எவ்வளவு முயன்றும் எனக்குக் கிடைக்காத ஒரு கனம். நினைவகத்தில் இருப்பது இரண்டேகால் நொடி ஒலிதான் என்பதே மறந்துபோகிறது.

ஆகவே வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை: ஃபிளாப்பி டிரைவ் செத்துப் போயிருந்தால் பயப்படாதீர்கள், அதை வைத்து விலையைப் பேசிக் குறையுங்கள். ஃபில்டர்களை மட்டும் கறாராகச் சோதியுங்கள். அந்தச் சில்லைப் புதிதாகத் தயாரித்து விற்பவர் எவரையும் நான் கண்டதில்லை. பழைய கருவியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். விற்பவரிடம் ஏதாவது ஒரு நீண்ட ஒலியை ஏற்றச் சொல்லி, எட்டு விசைகளை ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஒவ்வொன்றாக விடுங்கள். ஏதாவது ஒரு சுரம் மற்றவற்றைவிடக் கூர்மையாகவோ மங்கலாகவோ கேட்டால் அந்த மிராஜை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.