சுவர் தாங்கிய பதினாறு மாடிகள்

அமெரிக்காவின் சிக்காகோ நகரில், டியர்பார்ன் தெருவும் ஜாக்சன் சாலையும் கூடும் முனையில் மானாட்னாக் கட்டிடம் நிற்கிறது. பதினாறு மாடிகள், உயரம் சுமார் 65 மீட்டர். இன்று இந்த உயரத்தைக் கண்டு வியப்பவர் எவருமிலர். ஆயினும் 1891-இல் எழுந்த அதன் வடபாதி, வானளாவும் கட்டிடங்களின் வரலாற்றில் தனியிடம் பெற்றது. எஃகுச் சட்டத்தின் மேல் நில்லாமல், வெளிச்சுவர்களே சுமையைத் தாங்கும் பழைய முறையில் இவ்வளவு உயரம் சென்ற அலுவலகக் கட்டிடங்கள் மிகச் சிலவே. தரைமட்டத்தில் அச்சுவரின் தடிப்பு 1.8 மீட்டர். குறுக்கே ஓர் ஆள் படுத்துக்கொள்ளலாம்! உச்சியில் 46 சென்டிமீட்டர்தான்.

செங்கல்லின் வலிமை அத்துடன் தீர்ந்துவிட்டது, ஆகவே எஃகு வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். இது பாதி உண்மையே. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குப் பரப்பும் 65 மீட்டர் உயரமும் உள்ள செங்கல் தூண் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் பருமன் 6,500 கன சென்டிமீட்டர். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.9 கிராம் எனக் கொண்டால் எடை ஏறத்தாழ 12 கிலோகிராம். அதாவது, அடிச்சுவரின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுவரின் சொந்த எடையாக மட்டும் 12 கிலோகிராமைச் சுமக்கிறது. சுவர் முழுவதையும் ஒரே சீராகத் தடிப்பாக்கினால் இந்த எண் குறையாது. எடையும் பரப்பும் சேர்ந்தே வளர்கின்றன அல்லவா? கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் கட்டினால்தான் குறையும். நன்கு சுட்ட செங்கல் இதைப் போலப் பன்மடங்கு அழுத்தத்தைத் தாங்கும். கற்களை இணைக்கும் காரை அவ்வளவு வலியதன்று. மாடிகளின் சுமையும் காற்றின் தள்ளுதலும் வேறு உண்டு. எனினும் செங்கல் நொறுங்கிவிடும் என்ற அச்சம் மட்டும் எஃகைக் கொண்டுவரவில்லை.

தடை வேறு இடத்தில் இருந்தது. நகரின் நடுவே, விலைமிகுந்த மனையில், 1.8 மீட்டர் தடிப்புள்ள சுவர் வாடகைக்கு விடவேண்டிய இடத்தைத் தின்றுவிடுகிறது. மேலும் சிக்காகோவின் தரை மென்மையான களிமண். கட்டிடம் 20 சென்டிமீட்டர் வரை இறங்கும் என்று பொறியியலார் முன்கூட்டியே கணித்திருந்தனர். நாளடைவில் அது ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது! 1893-இல் முடிந்த தென்பாதிக்கு எஃகுச் சட்டம் பயன்பட்டது. சுவர்கள் மெலிந்தன, எடை குறைந்தது, அறைகளுக்குக் கூடுதல் இடம் கிடைத்தது. பொறியியல் நோக்கில் தென்பாதியே வென்றது.

அழகில் எனது வாக்கு வடபாதிக்கே. அதன் சிற்பி ஜான் ரூட், கட்டிடம் முடியுமுன்பே 1891 ஜனவரியில் காலமானார். பொருளுதவி செய்த பாஸ்டன் நகரத்துப் பீட்டர் புரூக்ஸ், அலங்காரப் பிதுக்கங்களை விரும்பாதவர். அவற்றில் அழுக்கும் புறாக்களும்தான் சேரும் என்பது அவர் கருத்து. ஆகவே தூண் வேலையோ பூ வேலையோ இல்லை. அடியில் சற்றே விரிந்து, மேலே மெல்ல உட்சென்று, உச்சியில் மீண்டும் வெளியே வளையும் வெறும் செங்கற்பரப்பு. சுமை எங்கே மிகுதி, எங்கே குறைவு என்பதைப் பார்ப்பவர் கண்ணாலேயே அறியலாம். சிக்கனம் இவ்வளவு அழகைத் தருவது அரிது.

எஃகு வந்தபின், எவ்வளவு உயரம் கட்ட முடியும் என்ற கேள்வி பின்னே சென்று, எவ்வளவு கட்டலாம் என்ற கேள்வி முன்னே வந்தது. 1893-இல் சிக்காகோ நகராட்சி 130 அடி, அதாவது சுமார் 40 மீட்டர், என எல்லை வகுத்தது. அந்தச் சட்டம் முன்பே இருந்திருந்தால் மானாட்னாக் பிறந்திராது. எனக்கு இந்த எல்லை முரட்டுத்தனமாகவே தோன்றுகிறது. அகன்ற சாலைக்கும் ஒடுங்கிய சந்துக்கும் ஒரே அளவுகோலா? ஏற்கெனவே உயர்த்திக் கட்டிவிட்டவர்களுக்குத்தான் அது நன்மை செய்தது. பின்னாளில் அந்த எல்லை பலமுறை மாற்றப்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் எல்லையே வேண்டாம் என்போரிடமும் ஒன்று கேட்க வேண்டும்: நிழலுக்கு என்ன விடை? நிழல் தேடி ஒதுங்கும் நமக்கு இது விந்தையாகப் படலாம். குளிர்நாட்டில் வெயில் ஒரு செல்வம். டிசம்பர் 21 அன்று நண்பகலில் நியூயார்க் நகரில் சூரியன் அடிவானத்திலிருந்து 26 பாகைதான் எழும். அங்கே 1915-இல் கட்டப்பட்ட எக்விடபிள் கட்டிடம் 164 மீட்டர் உயரம். உயரத்தை டேன்ஜென்ட் 26 பாகையால் வகுத்தால் நிழலின் நீளம் 330 மீட்டருக்கு மேல் வருகிறது. ஒரு ஏக்கருக்கும் சற்றுக் குறைவான மனையில், தெருவோரத்திலிருந்து பின்வாங்காமல் நேரே எழுந்து, மனையைப் போல ஏறத்தாழ முப்பது மடங்கு தளப்பரப்பை அது அடுக்கி வைத்தது. அக்கம்பக்கத்துக் கீழ்மாடிகளில் பகலிலும் விளக்கு எரிய வேண்டிய நிலை. இத்தகைய கட்டிடங்கள் மேல் எழுந்த எதிர்ப்பே 1916-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு வழி செய்தது.

அச்சட்டம் உயரத்திற்கு ஒற்றை எண்ணைக் கூறவில்லை. தெருவின் அகலத்துக்கு ஏற்ற உயரம்வரை நேரே எழலாம். அதற்குமேல் படிப்படியாகப் பின்வாங்க வேண்டும். மனையின் கால்பங்கில் மட்டும் எவ்வளவு உயரமும் போகலாம். 1931-இல் திறக்கப்பட்ட 381 மீட்டர் எம்பயர் ஸ்டேட் கட்டிடம் படிகளாக ஒடுங்குவது இதனால்தான். உயரத்தைத் தெருவோடு பிணைத்த இந்த முறையைச் சிக்காகோவின் எண்ணைவிட அறிவுடையதெனக் கருதுகிறேன். தெருவில் நடப்பவருக்கும் வானத்தில் ஒரு பங்கு உண்டென அது ஒப்புக்கொள்கிறது.

கால்பங்குக் கோபுரத்தை மேலே தடுப்பது எது? ஒன்று காற்று. அதே காற்றில், அதே அகலத்தில், உயரம் இரு மடங்கானால் அடியில் கவிழ்க்கும் திருப்புத்திறன் நான்கு மடங்காகும். மற்றொன்று லிஃப்ட். மாடிகள் கூடக்கூட லிஃப்ட் கூண்டுகளும் கூடி, கீழ்மாடிகளின் இடத்தை விழுங்குகின்றன. 1891-இல் தடித்த சுவர் செய்ததை இவை இப்போது செய்கின்றன. அப்படியும் போட்டி நிற்கவில்லை. 2010-இல் துபாயில் திறக்கப்பட்ட புர்ஜ் கலீபா 828 மீட்டர். அதில் உச்சியிலுள்ள சுமார் 244 மீட்டரில் குடியிருக்கவோ பணிபுரியவோ தளம் எதுவும் இல்லை. அந்தக் கூர்முனை மட்டுமே மானாட்னாக்கைப் போல மூன்றே முக்கால் மடங்கு உயரம். மானாட்னாக்கிலோ பதினாறு மாடிகளும் இன்றும் வாடகைக்குப் போகின்றன.