காவிரிக்கு மசக்கையாம்!

ஆடித் திங்கள் 18-ஆம் நாள் காவிரி கருவுற்றிருக்கிறாள் என்பது தஞ்சை மண்டலத்து நம்பிக்கை. கருவுற்றவளுக்கு மசக்கை வருமாம். மசக்கைக்காரிக்கு வாய்க்குப் பிடித்ததைத் தரவேண்டுமாம். ஆகவே புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் சர்க்கரைப் பொங்கலும் படித்துறைக்கு வருகின்றன. காதோலையும் கருகமணியும் காப்பரிசியும் ஆற்றுக்குப் படையல். திருவையாற்றுப் புஷ்ய மண்டபத் துறையில் அன்று நிற்க இடம் இராது.

புதுப்புனல் கண்டு உழவன் மகிழ்வதை நாம் பழிக்கவில்லை. தண்ணீர் வந்தால்தான் நாற்றங்கால். நாற்று இருந்தால்தான் நடவு. அந்த மகிழ்ச்சி உழைப்பின் மகிழ்ச்சி. நாம் கேட்பது வேறு: ஆற்றுக்கே பிள்ளைப்பேறு கற்பித்துக் கொண்டாடும் அதே படித்துறையில், மணமாகிப் பத்தாண்டு கடந்தும் மகப்பேறு வாய்க்காத ஒரு பெண் எந்த முகத்தோடு நிற்பாள்?

ஆறு கருவுற்றது, வயலில் பயிர் பொதி கட்டியது, அடுத்த வீட்டு மருமகள் முழுகாமல் இருக்கிறாள்! செய்தி வந்ததும் தெருவே மகிழ்கிறது. மகிழட்டும். ஆனால் மகிழ்கிறவர்களின் கண்கள் எங்கே போகின்றன? தாயாகப் போகிறவள் முகத்துக்கு அல்ல, பிள்ளையில்லாதவள் முகத்துக்கு! அவள் சிரிக்கிறாளா, வாடுகிறாளா என்று அளந்து பார்க்கின்றன. சிரித்தால் நடிப்பு என்பார்கள். வாடினால் பொறாமை என்பார்கள். விலகிப்போனால் ஆங்காரம், வந்து நின்றால் கண்ணேறு! ஒருத்தியின் நற்செய்தி இன்னொருத்திக்குத் தேர்வாகவும் தண்டனையாகவும் மாற்றப்படுகிறது.

அவள் உள்ளத்தில் இருப்பது பொறாமையா? தங்கையின் குழந்தையை அவள் வெறுக்கவில்லை. அக்குழந்தைக்குச் சட்டை தைப்பவளே அவள்தான். பிறர் பேற்றில் மகிழ்வும் தன் இழப்பில் துயரும் ஒரே நெஞ்சில் ஒரே வேளையில் இருக்கக்கூடும். அது குற்றமன்று, மனித இயல்பு. அந்த இயல்பைக் குற்றமாக்கியது வளைகாப்புச் சடங்கு. ஒன்று, ‘பிள்ளை பெறாதவள் கைபட்டு வளையல் ஏறலாகாது’ என்று அவளை ஒதுக்குகிறார்கள். அன்றேல், ‘அடுத்தது உனக்குத்தான்’ என்று சூல்கொண்டவள் அருகே உட்காரவைத்து, பலர் பார்க்க வளையல் அடுக்குகிறார்கள். முன்னது அவமதிப்பு, பின்னது இரக்கம் போர்த்திய அவமதிப்பு!

மொழியையே பாருங்கள். ‘மலடி’ என்ற சொல் திண்ணையிலும் வயல்வரப்பிலும் தடையின்றி நடமாடுகிறது. ‘மலடன்’ என்ற சொல்லும் தமிழில் உண்டு. ஆனால் அது அகராதியை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. மருத்துவம் என்ன சொல்கிறது? கருவுறாமைக்குக் காரணம் பெண்ணிடமும் இருக்கலாம், ஆணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். சில வேளைகளில் காரணமே புலப்படாமலும் போகலாம். உலகில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதனை எதிர்கொள்கிறார் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2023-இல் அறிவித்தது. ஆறில் ஒருவருக்கு நேர்வது சாபமாகுமா? நோய் நொடிபோல் உடலுக்கு நேரும் ஒரு நிலை, அவ்வளவே.

சாபமாக்கியது சாத்திரம். பிள்ளை பெறாத மனைவியை எட்டாம் ஆண்டில் தள்ளி வேறொருத்தியைக் கொள்ளலாம். பெண்ணே பெறுபவளைப் பதினோராம் ஆண்டில் தள்ளலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது மனுதர்மம். ‘புத்’ என்னும் நரகத்திலிருந்து காப்பவன் புத்திரன் என்று கதை கட்டியதும் அதுவே. அந்த நஞ்சு குறளின் உரைக்கும் ஏறிற்று. ‘மக்கட்பேறு’ என ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாய் வழங்கும் அதிகாரத்துக்குப் பரிமேலழகர் இட்ட தலைப்பு ‘புதல்வரைப் பெறுதல்’!

இதன் விளைவைத் தஞ்சை அரண்மனையே கண்டது. மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜிக்கு ஆண்வாரிசு இல்லை. அரசியர் இருக்கவே, மேலும் 17 பெண்களை ஒரே வேளையில் மணந்தார். மகன் பிறக்கவில்லை. 1855-இல் அவர் இறந்ததும், மகள் இருந்தும் வாரிசில்லை என்று கூறிக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசைக் கைப்பற்றியது. மூத்த அரசி காமாட்சிபாய் தொடுத்த வழக்கு 1859-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றது. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் வித்தணு என்பது இன்று பள்ளிப்பாடம். அன்றோ 17 பெண்களின் வாழ்வு அந்த அறியாமைக்குக் காணிக்கை!

அரண்மனை போயிற்று, அறியாமை போகவில்லை. பாபநாசத்தை அடுத்த திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை கோயில் படியைப் பெண்கள் நெய்யால் மெழுகுகிறார்கள். அம்மன் பாதத்தில் வைத்த நெய்யை 48 நாள் உண்கிறார்கள். அடைபட்ட கருக்குழாயை நெய் திறக்குமா? குறைந்த வித்தணுவை மந்திரம் பெருக்குமா? நெய் தின்று கழியும் மாதங்களில் வயது ஏறுகிறது. சிகிச்சைக்குரிய காலம் குறைகிறது. ஓராண்டு இணைந்து வாழ்ந்தும் கருவுறாவிடில், பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் மருத்துவரிடம் செல்லவேண்டும். இருவரும்! ஆணுக்கான முதற்சோதனை மிக எளியது. ஆயினும் பெண்ணைப் பத்துக் கோயிலுக்கு அனுப்பும் ஆண்மகன், ஒரு சோதனைச்சாலைப் படி ஏறக் கூசுகிறான்.

இந்தத் துயரைத் தமிழில் உரக்கச் சொன்ன நாவல் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010). திருச்செங்கோட்டுப் பின்னணியில், ஒருவரையொருவர் உயிராய் நேசிக்கும் காளியும் பொன்னாவும் பிள்ளையில்லை என்ற ஒரே காரணத்தால் ஊராரின் சொல்லம்புகளுக்கு இலக்காகிறார்கள். 2014 இறுதியில் எதிர்ப்பு வெடித்தது. எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று ஆசிரியரே 2015 சனவரியில் அறிவிக்க நேர்ந்தது. 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்துரிமையைக் காத்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தோமா? எதிர்த்தோரும் ஆதரித்தோரும் திருவிழா இரவைப் பற்றியே வாதிட்டனர். பொன்னாவை அந்த இரவுவரை துரத்திய ஊரின் நாக்கைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? திருவிழா தன் ஊரின் மானத்தைக் கெடுத்ததாகக் கொதித்தவர்களுக்கு, ஒரு பெண்ணை அன்றாடம் குத்திக் கொன்றதில் கெட்ட மானம் கண்ணில் படவில்லை!

இனி நம் வீட்டைப் பார்ப்போம், தோழர்களே! தாலியின்றி, புரோகிதரின்றித் திருமணம் செய்தோம். அதனை 1967-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லுபடியாக்கிற்று. அதே வீட்டில் ஏழாம் மாதம் வளைகாப்பு எப்படி நுழைந்தது? மணமாகி மூன்றே மாதத்தில், ‘ஏம்மா, விசேஷம் ஏதும் உண்டா?’ என்று கேட்கும் உரிமையை நமக்கு யார் தந்தார்? பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கர்ப்பத்தடையை வலியுறுத்தியது, உடல்நலத்துக்காகவோ நாட்டின் பொருளாதாரத்துக்காகவோ மட்டுமன்று, பெண்ணின் விடுதலைக்காக. பிள்ளை வேண்டாம் என்பவளுக்குள்ள உரிமையும், வேண்டியும் வாய்க்காதவளுக்குரிய மதிப்பும் ஒரே கொள்கையின் இரு பக்கங்கள்: பெண்ணின் பெருமை கருப்பையில் இல்லை! அண்ணாவும் ராணி அம்மையாரும் தமக்கென மகப்பேறின்றியே பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். அந்த இல்லம் நிறைவற்றது என்று எவர் சொல்வார்?

ஆயினும், கொள்கை பேசி ஒருத்தியின் கண்ணீரைத் துடைத்துவிட முடியாது. பிள்ளை வேண்டும் என்று ஏங்குபவளிடம் ‘தத்தெடு’ என்று உடனே உபதேசிப்பதும் ஒருவகைக் கொடுமையே. நாம் செய்யக்கூடியவை சில உண்டு. நற்செய்தியை அவளுக்குக் கூட்டத்தில் சொல்லாதீர். முன்கூட்டியே, தனியே, நேராகச் சொல்லுங்கள். மறைக்கவும் வேண்டாம், மறைப்பது அவளைத் தீட்டாக்குவது. அவள் அன்று விழாவுக்கு வரவில்லையா? காரணம் கேளாதீர். அழுகிறாளா? அழவிடுங்கள், அறிவுரை வேண்டாம். கணவனே அவள் பக்கம் நின்று, ‘குறை எவரிடமாயினும் அது எங்கள் இருவருக்கும் உரியது’ என்று உறவினரிடம் சொல்லட்டும்.

ஆற்றுக்கு மசக்கை என்று பல சோறு படைக்கும் நாடு, அருகில் நிற்கும் மனுஷிக்கு ஒரு மரியாதையைப் படைக்கக் கூடாதா? அதற்குக் கோயில் வேண்டாம், நெய் வேண்டாம், நாள் நட்சத்திரம் வேண்டாம். நாவடக்கம் போதும், அதை இன்றே, நம் வீட்டிலேயே தொடங்கலாம்.