'தனி' என்ற ஒரு சொல்

சிதம்பரம் தேர் வீதிகளில் ஏதாவது ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் சந்துக்குள் நுழைந்து பாருங்கள். கீழே ஜவுளிக்கடை, மேலே வங்கி, அதற்கும் மேலே லாட்ஜ், மொட்டை மாடியில் செல்போன் கோபுரம். நான்குக்கும் தனித்தனி த்ரீ ஃபேஸ் சர்வீஸ். சந்தில் இரண்டடிக்கு ஒன்றாக நான்கு எர்த் குழிகள். சர்வீசுக்கு ஒரு எர்த், ஒன்று மற்றதைத் தொடக்கூடாது என்பது ஒயர்மேன்களின் எழுதாத சட்டம்.

எழுதிய சட்டத்திலும் இதற்கு வேர் உண்டு. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிகள், 250 வோல்ட்டுக்கு மேல் சப்ளை வாங்குபவர் மின்வாரியம் தரும் எர்த் முனை போக, தனி எலக்ட்ரோடு ஒன்றும் வைக்கச் சொல்லின. அங்கே 'தனி' என்றால் 'சொந்தமாக'. நாம் அதை 'ஒட்டாமல்' என்று படித்துவிட்டோம். எர்த்திங்குக்கான ஐ.எஸ். 3043 தரநிலையோ கட்டடத்தின் உலோகங்களையெல்லாம் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் இணைப்பைக் கேட்கிறது. அமெரிக்க விதியும் ஒரு கட்டடத்துக்கு எத்தனை சர்வீஸ் வந்தாலும் எர்த் ஒன்றுதான் என்கிறது.

"பக்கத்துக் கடை ஃபால்ட் நம்ம ஃபிரிட்ஜுக்கு ஏன் சார் வரணும்?" என்று ஒரு ஒயர்மேன் கேட்டார். நியாயமான கேள்வி. எர்த்துகளை இணைத்தால் வரத்தான் செய்யும். ஆனால் இணைக்காவிட்டால் என்ன ஆகிறது? ஜவுளிக்கடை எர்த் 4 ஓம், டிரான்ஸ்பார்மர் எர்த் 1 ஓம் என்று வையுங்கள். கடையின் ஏ.சி.யில் ஃபால்ட் ஆனால் 230 வோல்ட்டில் 46 ஆம்பியர் ஓடும். 100 ஆம்பியர் ஃப்யூஸ் அதைக் கண்டுகொள்ளாது. கடையின் ஏ.சி. உடல் 184 வோல்ட்டில் நின்றுகொண்டிருக்கும். கையெட்டும் தூரத்தில் வங்கியின் கிரில் கேட் வேறு எர்த்தில். இரண்டையும் ஒருசேரத் தொடுகிறவர் கதி?

குழிகள் உண்மையிலேயே தனியாகவும் இல்லை. பத்தடிக் குழாய்கள் என்றால் இருபதடியாவது தள்ளியிருக்க வேண்டும். இரண்டடியில் நாலும் ஒரே மண்ணைப் பங்கிடுகின்றன. ஒயர்மேன் பயந்த ஃபால்ட் மண் வழியே அரைகுறையாக வந்தே தீரும்.

இணைப்பதும் சர்வரோக நிவாரணி அல்ல. நெருங்கிய குழிகளைச் சேர்த்தால் ஓம் பெரிதாகக் குறையாது, ஃப்யூஸ் அப்போதும் உருகாமல் இருக்கலாம். ஒவ்வொரு சர்வீசுக்கும், எர்த்துக்குக் கசியும் கரண்டைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால்தான் இணைப்புக்குப் பொருள். எர்த்தை இணைக்கிறோம் என்று நியூட்ரல்களையும் சேர்த்துவிட்டால் ஒருவர் கரண்ட் இன்னொருவர் நியூட்ரலில் திரும்பும், ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். 2011 டிசம்பர் 30 தானே புயல் கம்பங்களைச் சாய்த்தபின் கடலூர்க்காரர்கள் ஜெனரேட்டரோடு நாட்களைக் கழித்தார்கள். நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் நாலு போல் சேஞ்ச் ஓவர் இல்லாத இடங்களில் அந்த ஜெனரேட்டர்களும் இதே சிக்கலைக் கொண்டுவரும்.

மண்ணையும் யாரும் பார்ப்பதில்லை. கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரை மண்ணே உப்பு. அங்கேயும் மூட்டை உப்பும் கரியும் கொட்டினால் ஜி.ஐ. குழாய்தான் சீக்கிரம் அரிபடும். கேப்பர் மலையின் வறண்ட செம்மண்ணுக்கு அது தேவை. சிதம்பரத்துக் களிமண் ஐப்பசியில் அருமையான எர்த்; கத்திரியில் வெடித்துக் குழாயை விட்டு விலகும். எர்த்தை அளவெடுப்பதென்னவோ பெரும்பாலும் கட்டடம் முடிகிற அன்று ஒரு தடவை.

என் பார்வையில் இணைப்பதே சரி. சிக்கல், அந்த இணைப்பு யாருடையது என்பதில் இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கட்டடத்தில் நாலு எர்த்தையும் ஜி.ஐ. பட்டையால் அழகாகச் சேர்த்திருந்தார்கள். அடுத்த வருடம் போனபோது மாடிப்படிக்குக் கீழே பட்டையில் ஒரு சாண் அறுபட்டிருந்தது. புதிதாக வந்த வாடகைதாரரின் ஏ.சி. அவுட்டோர் யூனிட் அந்த இடைவெளியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.