மஞ்சள் கடதாசி
('ஏழை படும் பாடு' நாவலை மறுபடி வாசித்தபோது)

விக்டர் ஹியூகோவின் பெரு நாவல் பிரெஞ்சு மொழியில் 1862இல் வெளிவந்தது. அதனைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்ற பெயரில் தமிழுக்குத் தந்தார். 1950இல் அதே பெயரில் திரைப்படமும் வந்தது. அதில் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமன், அதன் பின்னர் 'ஜாவர்' சீதாராமன் என்றே அறியப்பட்டார். நடித்த வேடத்தின் பெயரே ஒரு மனிதனை விட்டுப் போகவில்லை. அப்படியாயின் 'மறியலுக்குப் போய் வந்தவன்' என்ற பெயர் எப்படிப் போகும்?

தமிழ்த் தலைப்பைப் பற்றி முதலில் ஒரு குறை. மூலத் தலைப்பிலுள்ள சொல் வறியவரையும் குறிக்கும். இழிந்தவரென ஒதுக்கப்பட்டவரையும் குறிக்கும். துர்ப்பாக்கியசாலியும் அவப்பெயர் சுமந்தவனும் அந்த ஒரே சொல்லில் கலந்துவிடுவதை ஹியூகோ நாவலுக்குள்ளேயே சுட்டிக்காட்டுகிறார். தமிழில் முதற்பாதிதான் மிஞ்சியது. அதனால் நாமும் இதனை ஒரு வறுமைக் கதையாகவே வாசித்து வந்தோம். சகோதரியின் ஏழு பிள்ளைகளின் பசிக்காகப் பாண் திருடிய ஜீன் வல்ஜீனுக்காகக் கண்ணீர் விட்டோம். ஆனால் நாவலின் பெரும்பகுதி அவன் சிறைக்குப் போன கதையல்ல. திரும்பி வந்த கதை.

ஐந்து வருடத் தண்டனை, தப்பியோட முயன்றதால் பத்தொன்பது வருடமாக நீண்டது. 1815இல் அவன் வெளியே வரும்போது கையிலிருந்தது 109 பிராங்க் 15 சூ. கூடவே ஒரு மஞ்சள் கடவுச்சீட்டு. போகுமிடமெல்லாம் அதைக் காட்டவேண்டும். கிராஸ் என்ற ஊரில் பொதி இறக்கும் வேலை கிடைக்கிறது. மற்றவர்களுக்கு நாட்கூலி 30 சூ. வேலைக்கு நடுவே காவலன் ஒருவன் வந்து கடதாசியைக் கேட்க, இவன் காட்டுகிறான். மாலையில் முதலாளி இவனுக்குக் கூலியைக் குறைத்தே கொடுக்கிறான். ஏனென்று கேட்டால், சிறையை நினைத்துக்கொள் என்ற மிரட்டல். டீன் நகரில் காசைக் காட்டியும் சத்திரத்தில் இடமில்லை. சிறைச்சாலைக் கதவையே தட்டுகிறான். கைதாகி வந்தால் திறப்போம் என்கிறான் காவலாளி. நாய்க்கூட்டிலும் இடமில்லை.

பாதிரியார் மிரியேல் வெள்ளிப் பாத்திரங்களை வைத்து உணவு கொடுத்ததையும், களவு போனபின் மெழுகுவர்த்தித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்ததையும் எல்லோரும் மெச்சுவார்கள். நானும் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். இம்முறை வாசித்தபோதுதான் வேறொன்று தைத்தது. வல்ஜீனின் உள்ளத்தைப் பாதிரியார் மாற்றினார், உண்மை. ஆனால் அவனுடைய கடதாசியை மாற்ற அவரால் முடியவில்லை. மொந்த்ரேய் ஊரில் அவன் வாழ்வு தளிர்த்தது எப்படி? வந்திறங்கிய இரவு தீயிலிருந்து இரு பிள்ளைகளை மீட்டான். அவர்கள் காவற்படைத் தலைவரின் பிள்ளைகள். அந்தப் பரபரப்பில் எவரும் கடவுச்சீட்டைக் கேட்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். தொழிலதிபராகி, நகரபிதாவாகி, வைத்தியசாலையும் பாடசாலையும் நடத்தியவன், தனக்குப் பதிலாக இன்னொருவன் தண்டனை பெறக்கூடாதென்று நீதிமன்றத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்தான். ஊர் அவனை மறக்க இரண்டு மணித்தியாலமும் ஆகவில்லை. பிற்பாடு மரியுஸும், உண்மை தெரிந்ததும், மகள் போல வளர்த்த கொசெத்திடமிருந்து அவனை மெல்ல மெல்ல விலக்கினான். அவனும் கெட்டவனல்ல. அதுதான் கொடுமை.

இங்கே எனது சொந்தக் குற்றமொன்றைச் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த பையனொருவன் மறியலிலிருந்து வந்தான். "சேர், வேலைக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் தாங்க" என்று வாசலில் நின்றான். உள்ளே வரச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை படித்தான் என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகளில் நல்ல கைவேலைக்காரன் அவன். ஒரு சொல் எழுதவில்லை. கிராஸ் முதலாளியின் குறைகூலிக்கும் எனது குறைக்கடிதத்துக்கும் என்ன வித்தியாசம்? பிறகு மனம் கேளாமல் வேறொன்று எழுதிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். "அவன் கொழும்புக்குப் போயிட்டான் சேர். அங்க ஆரும் கேட்கமாட்டாங்களாம்" என்றார் உம்மா.

ஹியூகோவிடம் எனக்கொரு வழக்குண்டு. மன்னிப்புப் பெற அவர் வல்ஜீனை மகானாக்குகிறார். மகானாகாதவன் என்ன செய்வது? ஒழுங்காக வேலைக்குப் போய், மாலையில் வீடு வர விரும்பும் சாதாரண மனிதனுக்கு இந்நாவலில் வழியில்லை. இதற்கு மறுபக்கமாக 1965இல் வெளிவந்த மல்கம் எக்ஸின் சுயசரிதையை வைத்துப் பார்க்கலாம். சிறையில் அவர் அகராதியைப் பார்த்தெழுதிப் படித்ததையே நாம் எடுத்துச் சொல்வோம். 1952இல் அவர் வெளியே வந்த விதத்தைச் சொல்வதில்லை. டெட்ரொய்ட் நகரில் தளபாடக் கடையொன்றை நடத்திவந்த அண்ணன் வில்பிரட், வெளியே வந்தவுடன் வேலை தருவதாக முதலாளியிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கி வைத்திருந்தார். தன் வீட்டிலேயே தங்கவும் வைத்தார். காலையில் ஒழுங்காக எழுந்து, வுழூ செய்து, சேர்ந்து தொழும் குடும்பம். வெளியே வந்ததும் மல்கம் வாங்கியவை மூன்று: மூக்குக்கண்ணாடி, பயணப் பெட்டி, கைக்கடிகாரம். நாளைக்கு வேலையிருப்பவன் வாங்கும் சாமான்கள் அவை.

வல்ஜீனுக்குக் கிடைத்தது ஓர் இரவின் பேரருள். மல்கமுக்குக் கிடைத்தது ஒரு கையொப்பம், ஒரு கட்டில், ஒரு வேலை. இலக்கியம் முன்னதைக் கொண்டாடுகிறது. அதில் ஒளி அதிகம். ஆனால் எங்கள் ஊர்களுக்குத் திரும்பி வருபவர்களுக்குப் பின்னதே தேவை. அதைத் தர மகான்கள் வேண்டியதில்லை. ஓர் அண்ணன், ஒரு கடைக்காரர், முழுக்கடிதம் எழுதும் ஓர் ஆசிரியர் போதும். இதை எழுதும் கதைகள் எங்கள் எழுத்தாளர்களிடமிருந்து வரவேண்டும்.